ஸ்ரீரங்கப்பட்டணத்துக் குறிப்பேடுகள்

காவிரி இரு கிளையாகப் பிரிந்து மீண்டும் ஒன்றுகூடும் இடத்தில் அமைந்த தீவு ஸ்ரீரங்கப்பட்டணம். இதனை ஆதிரங்கம் என்றும், கீழே சிவனசமுத்திரத்தை மத்தியரங்கம் என்றும், நம் திருவரங்கத்தை அந்தியரங்கம் என்றும் வழங்கும் மரபு உண்டு. மைசூரிலும் பெங்களூரிலும் குடியேறி வாழும் தமிழ்க் குடும்பங்கள், ஊரிலிருந்து உறவினர் வந்தால் முதலில் அழைத்துச் செல்லும் இடங்களுள் இதுவும் ஒன்று. அரங்கனைத் தொழுகிறோம், தரியா தௌலத் மாளிகையின் சுவரோவியங்களைக் காண்கிறோம், திப்புவின் கல்லறை மாடத்தில் சிறிது நேரம் நின்று திரும்புகிறோம். போரும் கோட்டையுமே நம் நினைவில் தங்குகின்றன. ஆயின் 1610இல் ராஜ உடையார் கைப்பற்றியது முதல் 1799இல் கோட்டை வீழ்ந்தது வரை, இத்தீவு ஓர் அரசின் எழுத்துச்சாலையாகவும் விளங்கியது. தான் அறிந்ததையும் கொடுத்ததையும் வாங்கியதையும் எதில் எழுதி வைப்பது, எம்மொழியில் எழுதுவது, யார் கையில் ஒப்படைப்பது என்னும் கேள்விகளுக்கு இங்கே வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு விடைகள் காணப்பட்டன. நாம் இக்கட்டுரையில் நோக்க விரும்புவது அந்த விடைகளையே.

இன்று இதனை எடுத்துரைக்கக் காரணம் உண்டு. நம் வீடுகளில் இளையோர் ஒருவரையொருவர் அடிக்கடி கேட்டுக்கொள்ளும் கேள்வி, குறிப்பு எழுதி வைக்க எந்தச் செயலி நல்லது என்பது. ஒருவர் நோஷன் என்பார். ஒருவர் ஒப்சிடியன் என்பார். மற்றொருவர் கைப்பேசியோடு வந்ததே போதும் என்பார். எதில் தேடுவது விரைவு, எதில் படம் ஒட்டலாம், எது விலையில்லாமல் கிடைக்கும் என்றெல்லாம் ஆய்கின்றனர். பாட்டி சொன்ன குழம்புப் பக்குவமும், குலதெய்வக் கோயிலுக்குப் போகும் வழியும், ஊரில் விட்டுவந்த நிலத்தின் சர்வே எண்ணும், அப்பாவின் மருந்துப் பெயர்களும் இன்று அச்செயலிகளுக்குள்ளேதான் சேர்ந்து வருகின்றன. எனவே இது விளையாட்டான கேள்வி அன்று. எழுதியவர் இல்லாத நாளில் அதனைத் திறந்து படிப்பவர் யார் என்பதையும் அந்த ஆய்வில் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பதே நம் எண்ணம்.

முதலில் கடதத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். கன்னட நாட்டு வணிகரும் கணக்கரும் மடத்தாரும் நெடுங்காலம் கையாண்ட குறிப்பேடு அது. 1803 முதல் 1808 வரை மைசூரில் ஆங்கிலேயரின் பிரதிநிதியாக இருந்த மார்க் வில்க்ஸ், 1810இல் வெளிவரத் தொடங்கிய தம் வரலாற்று நூலில் அதன் அமைப்பை விரிவாக எழுதியுள்ளார். எட்டு அங்குலம் முதல் ஓரடி வரை அகலமும், பன்னிரண்டு முதல் பதினெட்டு அடி வரை நீளமும் உள்ள பருத்தித் துணியை எடுத்து, இருபுறமும் பசையும் கரித்தூளும் கலந்து பூசி உலர்த்துவார்கள். உலர்ந்த பின் அதை வெட்டாமல், விசிறி மடிப்பது போல ஒரே அளவான ஏடுகளாக மடிப்பார்கள். இரு முனைகளிலும் வண்ணம் தீட்டிய மரப்பலகைகளைப் பொருத்திவிட்டால் பார்வைக்குப் புத்தகமாகவே தோன்றும். கரிய அப்பரப்பில் வெண்மையான மாக்கல் குச்சியால் எழுதுவார்கள். அக்குச்சியைக் கன்னடர் ‘பளப’ என்பர். நம் பிள்ளைகள் சிலேட்டில் எழுதிய பலப்பமும் அதுவே என்று அறியும்போது, அயலூர்ப் பொருள் ஒன்று திடீரென நம் வீட்டுப் பொருளாகிவிடுகிறது.

ஓலையோடு ஒப்பிட்டால் இதன் வசதி விளங்கும். ஓலையில் எழுத்தாணியால் கீறியதை மாற்ற இயலாது. அதில் எழுதப் பழகிய கை வேண்டும். மையும் தடவ வேண்டும். கடதத்திலோ தவறாக எழுதியதைத் துடைத்துவிட்டுத் திரும்ப எழுதலாம். வேண்டிய மடிப்பை உடனே திறக்கலாம். நீரும் பூச்சியும் அணுகாமல் காத்தால் பல தலைமுறை நிற்கும். நாள்தோறும் மாறும் கணக்குக்கு இதனினும் ஏற்றது வேறில்லை. ஆனால் அந்த வசதியிலேயே அதன் குறையும் அடங்கியிருக்கிறது. எழுதியவன் துடைக்கலாம் என்றால் எழுதாதவனும் துடைக்கலாம். எனவே கடதம் யாரிடம் இருக்கிறது என்பதைப் பொறுத்தே அதன் மதிப்பு அமைந்தது. சிருங்கேரி மடத்தில் இத்தகைய கடதங்கள் பல காக்கப்பட்டு, வரலாற்றறிஞர்களுக்குப் பெருந்துணையாயின. துணி வலியது என்பதைவிட, காப்பவர் மாறினாலும் காக்கும் கடமை மாறாத நிறுவனம் ஒன்று அங்கே இருந்தது என்பதே அதற்குக் காரணம் எனலாம்.

இத்தகைய எழுத்து வேலை இத்தீவில் பெருகியது சிக்கதேவராய உடையார் காலத்தில், அதாவது 1673க்கும் 1704க்கும் இடையில். அரசுப் பணிகளைப் பதினெட்டுத் துறைகளாக அவர் வகுத்தார் என்பர். அத்துறைகள் அட்டாரா கச்சேரி எனப்பட்டன; அட்டாரா என்பது வடபுல மொழிகளில் பதினெட்டைக் குறிக்கும். பெங்களூர்த் தமிழர் நாள்தோறும் கடந்து செல்லும் சிவந்த உயர்நீதிமன்றக் கட்டடத்துக்கும் அப்பெயரே வந்து சேர்ந்தது. பதினெட்டுத் துறைக்கும் பதினெட்டு வகைக் கணக்கு வேண்டியிருந்திருக்கும் அல்லவா? ஓலைச் சுவடிகளும் கடதங்களும் அரண்மனை அறைகளில் குவிந்தன.

அக்குவியலுக்கு நேர்ந்த கதியை வில்க்ஸ் எழுதுகிறார். 1796இல் அரசர் சாமராஜ உடையார் மறைந்த பின் பழைய அரண்மனையிலிருந்த பொருள்கள் அப்புறப்படுத்தப்பட்டன. அங்கிருந்த ஓலைகளும் கடதங்களும் என்ன என்று திப்பு வினவினாராம். அவற்றைக் குதிரை லாயத்துக்கு அனுப்பிக் கொள்ளு வேகவைக்க எரிக்கச் சொன்னாராம். ஓர் அந்தணர் பக்தியின் பெயரால் கவர்ந்து சென்று காத்த சிறு தொகுதி மட்டும் தப்பியது என்கிறார் வில்க்ஸ்.

இக்கதையை நாம் எச்சரிக்கையோடு படிக்க வேண்டும். சொன்னவர் வென்றவர் தரப்பினர். சொல்லப்பட்டவர் தோற்று மாண்டவர். மறுத்துரைக்க மாண்டவர் வருவதில்லை. மேலும், எரித்தவர்களைத் தேடி நாம் அவ்வளவு தொலைவு போக வேண்டியதுமில்லை. கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் இருந்த பழஞ்சுவடிகள் நெய்யில் தோய்க்கப்பட்டு ஓமத் தீயில் இடப்பட்டதை உ.வே. சாமிநாதையர் ‘என் சரித்திர’த்தில் நெஞ்சு நொந்து பதிவு செய்துள்ளார். அங்கே பகையும் இல்லை, படையும் இல்லை. பயன்படாத பழைய ஏடுகளை அவ்வாறு செய்வதே முறை என்று நம்பியவர்களே செய்தார்கள். படிக்கத் தெரிந்தவர் இல்லாமற்போன பின் சுவடி வெறும் விறகாகிவிடுகிறது. லாயத்தில் எரிந்தால் என்ன, ஓமகுண்டத்தில் எரிந்தால் என்ன?

திப்புவே ஏடுகளை வெறுத்தவர் அல்லர் என்பதையும் இங்குச் சொல்லவேண்டும். 1799 மே 4 அன்று கோட்டை வீழ்ந்தபோது அவருடைய நூலகத்தில் ஏறத்தாழ இரண்டாயிரம் நூல்கள் இருந்தன. பின்னர் சார்லஸ் ஸ்டூவர்ட் என்பவர் அவற்றுக்கு விரிவான அட்டவணை ஒன்று வகுத்து 1809இல் கேம்பிரிட்ஜில் வெளியிட்டார். அந்நூல்களும் பல கைகளுக்குப் பிரிந்து சென்றன. ஆனால் நம் பொருளுக்கு அந்நூலகத்தைவிட நெருக்கமானது, அரண்மனைக் காகிதங்களிடையே கர்னல் வில்லியம் கிர்க்பாட்ரிக் கண்டெடுத்த சிறு குறிப்பேடு ஒன்று.

அது கனவுக் குறிப்பேடு. முப்பத்தேழு கனவுகளைத் திப்பு தம் கையாலேயே பாரசீகத்தில் எழுதி வைத்திருந்தார். சிலவற்றுக்குத் தாம் கொண்ட பொருளையும் சேர்த்து எழுதினார். வெள்ளித் தட்டுகளில் பேரீச்சம்பழம் வந்ததாக ஒரு கனவு. பகைவரைப் பற்றிய கவலை பல கனவுகளில். முகலாயப் பேரரசர்கள் சிலர் தம் வரலாற்றைப் புலவரைக் கொண்டு எழுதுவித்தார்கள். அவை பிறர் படிப்பதற்கென்றே எழுந்தவை. இதுவோ பிறர் படிக்கலாகாது என்றே எழுதப்பட்டது. ஏடு கண்டெடுக்கப்பட்டபோது உடனிருந்த அரசவை எழுத்தர் அபீபுல்லா, இப்படியொரு ஏடு உண்டு என்பது தமக்குத் தெரியும் என்றும், அதைப் படிக்கும்போதும் எழுதும்போதும் யாரும் பார்த்துவிடாதபடி சுல்தான் மறைத்துக்கொள்வார் என்றும் சொன்னதாகக் குறிப்பு உள்ளது. 1800இல் அது கிழக்கிந்தியக் கம்பெனியின் இயக்குநர்களுக்கு அளிக்கப்பட்டது. இன்று லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. யார் கண்ணிலும் படலாகாது என்று எண்ணியது யார் கைக்குப் போகலாகாதோ அவர் கைக்கே போய், அதனாலேயே அழியாமல் நின்றது. மனித வாழ்வில் இத்தகைய முரண்கள் உண்டு. நாம் அதில் மகிழவும் முடியவில்லை, வருந்தவும் முடியவில்லை.

அவ்வேட்டைப் படிப்பவருக்கு வேறோர் இடர் உண்டு. திப்பு வழக்கமான ஆண்டுக் கணக்கை விட்டு, மௌலூதி என்னும் புதுக் கணக்கை ஏற்படுத்தினார். மாதங்களுக்குப் புதுப் பெயர்கள் இட்டார். ஆண்டுகளுக்கும், எழுத்துகளின் எண்மதிப்பைக் கூட்டினால் வரிசை எண் கிடைக்குமாறு பெயர்கள் அமைத்தார். அவர் நாணயங்களில் அக்காலத்து ஆண்டெண்ணை வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும். இத்தனைக்கும் அடியில் இருந்தது, பிரபவ விபவ என்று நாம் எண்ணும் அதே அறுபதாண்டு வட்டம். அறிவுக்கூர்மை வியக்கத்தக்கது, ஐயமில்லை. ஆனால் அக்கணக்கை வகுத்தவரோடு அதைக் கையாளும் அரசும் மறைந்தது. பின்வந்தோர் ஒவ்வொரு தேதிக்கும் அட்டவணை வைத்துக்கொண்டு திறவுகோல் தேட வேண்டியதாயிற்று. தனக்கென்றே ஒரு முறையை வகுத்துக்கொள்பவர் அதனை விளக்கும் ஒரு பக்கத்தையும் ஏட்டின் முகப்பில் எழுதி வைப்பது நலம்.

இதற்கு நேர்மாறானது நம் ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு. புதுச்சேரியில் துபாஷாக இருந்த அவர் 1736 தொடங்கித் தாம் மறைந்த 1761 வரை எழுதினார். புதுமுறை எதையும் அவர் தேடவில்லை. நாளும் கிழமையும் தமிழ் மாதமும் இட்டு, கணக்கு எழுதுவது போலவே, வாயில் வந்த பேச்சுத் தமிழில் எழுதினார். அவர் வீட்டார் அதைக் காத்தனர். 1846 அளவில் அது அறிஞர் கண்ணில் பட்டது. சென்னை அரசு 1904 முதல் 1928 வரை பன்னிரண்டு தொகுதிகளாக ஆங்கிலத்தில் வெளியிட்டது. இன்றும் தமிழ் படிக்கத் தெரிந்தவர் சற்று முயன்றால் மூலத்தையே படித்துவிடலாம்.

மீண்டும் தீவுக்கு வருவோம். 1799 முற்றுகையில் கம்பெனிப் படையில் பொறியாளராக இருந்தவர்களுள் ஒருவர் காலின் மெக்கன்சி. கோட்டை வீழ்ந்த பின் மைசூர் நாட்டை அளந்து நிலப்படம் வரையும் பணி அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. நில அளவையோடு அவர் நிற்கவில்லை. ஊர் ஊராகக் கல்வெட்டு, செப்பேடு, கோயில் வரலாறு, குடிவழிக் கதை, நாணயம் என எல்லாவற்றையும் திரட்டினார். ஆனால் தென்மொழி எதுவும் அவருக்குப் படிக்க வராது. அதை அவரே ஒளிக்காமல் எழுதியுள்ளார். அவருடைய கண்ணும் காதுமாக இருந்தவர் காவலி வெங்கட போரய்யா. தெலுங்கர், பன்மொழி வல்லவர், பழங்கன்னடக் கல்வெட்டுகளைப் படிக்க வழிகண்டவர். 1803இல் இளமையிலேயே அவர் மறைந்தார். அவர் தம்பி இலட்சுமய்யா பொறுப்பேற்றார். ஊர்களுக்குப் போய்வந்த உதவியாளர்கள் எழுதியனுப்பிய குறிப்புகளை வரிசைப்படுத்தியதும், எது எந்த ஊருக்குரியது என்று மனத்தில் கொண்டிருந்ததும் அவரே.

மெக்கன்சி இந்தியாவின் தலைமை நில அளவையாளராக உயர்ந்து 1821இல் மறைந்தார். அவருடைய தொகுப்பைக் கம்பெனி ஒரு லட்சம் ரூபாய்க்கு வாங்கியது. எச்.எச். வில்சன் என்னும் வடமொழியறிஞர் 1828இல் அதற்கு அட்டவணை வெளியிட்டார். அதன்படி 1,568 இலக்கியச் சுவடிகள், 8,076 கல்வெட்டுப் படிகள், 6,218 நாணயங்கள். வில்சனுக்கும் தென்மொழிகள் தெரியாது. உடனிருந்த பண்டிதர்கள் சொன்னதையே நம்பினார். இலட்சுமய்யா அப்போது உயிரோடு இருந்தார். பணியைத் தொடர்ந்து முடிக்கத் தம்மிடம் ஒப்படைக்குமாறு வேண்டினார். 1830களில் அவர் விண்ணப்பம் ஏற்கப்படவில்லை. வில்லியம் டெய்லர் என்னும் பாதிரியாரிடம் வேலை போயிற்று. குறிப்புகள் எல்லாம் கிடைத்தன. அவற்றுக்கிடையே இருந்த தொடர்பை அறிந்த ஒரே மனிதர் வாயிலில் நிறுத்தப்பட்டார். அத்தொகுப்பின் ஒரு பகுதி லண்டனிலும், ஒரு பகுதி சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்திலும் இன்று இருக்கிறது. தமிழ், தெலுங்கு, கன்னட ஊர் வரலாறுகளை ஆராய்பவர் எவரும் அதைத் தொடாமல் செல்ல இயலாது. இலட்சுமய்யாவின் மனத்திலிருந்த வரிசை மட்டும் எங்கும் இல்லை.

இதே இடரை வேறு வகையில் வென்றவர் ஒருவரை ஜெர்மனியில் காண்கிறோம். நிக்லாஸ் லூமன் என்னும் சமூகவியலறிஞர் (1927–1998) ஏறத்தாழ 90,000 சீட்டுகளில் குறிப்பெழுதி, ஒவ்வொன்றுக்கும் எண்ணிட்டு, எது எதனோடு தொடர்புடையது என்பதையும் சீட்டிலேயே எழுதிவிட்டார். அவர் மறைந்த பின் பிலெஃபெல்டு பல்கலைக்கழகம் அவற்றைப் பெற்றுப் படித்து வருகிறது. தொடர்பு அவர் தலைக்குள் மட்டும் இல்லை, மையில் இருந்தது. இன்றைய செயலிகள் பலவும் அவர் வழியைப் பின்பற்றுவதாகவே சொல்லிக்கொள்கின்றன.

இனி அச்செயலிகளுக்கு வருவோம். 2006இல் கூகுள் நிறுவனம் ‘நோட்புக்’ என்னும் குறிப்பேட்டைத் தொடங்கியது. 2012இல் அதை மூடியது. எழுதியவை வேறிடத்துக்கு மாற்றப்பட்டன என்பது உண்மை. எனினும் ஏடு போயிற்று. 2008இல் வந்த எவர்நோட் நெடுங்காலம் பலரது நம்பிக்கையைப் பெற்றிருந்தது. உரிமை கைமாறிய பின் 2023 டிசம்பரில், கட்டணம் செலுத்தாதவர் ஐம்பது குறிப்புகளுக்கு மேல் புதிதாக எழுத இயலாது என்று வரம்பிட்டது. நிறுவனத்தார் தம் கணக்கைப் பார்ப்பது இயல்பே. அதில் நாம் குறைசொல்ல ஒன்றுமில்லை. அரண்மனையைப் பெருக்கும் நாள் எந்த அரசுக்கும் வரும்.

தமிழில் எழுதுவோர்க்குக் கூடுதலான ஓர் இடர் இருந்தது. கணினிக்கு வந்த முதல் இருபதாண்டுகளில் நாம் ஒவ்வொருவரும் வெவ்வேறு எழுத்துருவில் தட்டெழுதினோம். பாமினியில் எழுதிய கடிதத்தை அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்துகள் பொருளின்றி நிற்கும். திஸ்கி, தாப், தாம் என்று குறியீட்டு முறைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. 1991 முதலே ஒருங்குறியில் தமிழுக்கு இடம் இருந்தும், தமிழ்நாட்டரசு அதனை ஏற்று ஆணையிட்டது 2010இல்தான். சிங்கப்பூரிலும் கனடாவிலும் பெங்களூரிலும் பல வீடுகளில் தாத்தா தட்டெழுதிய குடும்ப வரலாறு இன்னும் பழைய எழுத்துருவில் அடைபட்டுக் கிடக்கிறது. மௌலூதித் தேதியைப் போல அதற்கும் திறவுகோல் உண்டு. மாற்றித்தரும் மென்பொருள்கள் இணையத்தில் கிடைக்கின்றன. இயலும்போதே மாற்றிக்கொள்வது நன்று.

ஆகவே எந்தச் செயலி என்று கேட்பவரிடம் நாம் கேட்பவை வேறு. எழுதியதை முழுவதும் ஒருங்குறியில், எளிய உரைக்கோப்பாக வெளியே எடுக்க முடியுமா? ஒப்சிடியன் போன்றவை தொடக்கத்திலேயே அவ்வாறுதான் நம் கணினியில் சேமிக்கின்றன. நோஷன் போன்றவை நிறுவனத்தின் கணினியில் வைத்து, கேட்டால் எடுத்துத் தருகின்றன. இரண்டாம் வகையைத் தேர்ந்தவர் ஆண்டுக்கொரு முறையேனும் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளட்டும். பொங்கலுக்கு வீடு ஒழிக்கும் நாள் அதற்கு ஏற்றது. முகப்பில் ஒரு பக்கம், எது எங்கே உள்ளது, சுருக்கெழுத்துகளின் பொருள் என்ன என்று எழுதப்பட்டிருக்கிறதா? இலட்சுமய்யாவின் மனத்தில் இருந்தது அந்தப் பக்கமே. அடுத்து, பிள்ளைகளுக்குத் தமிழ் பேச வருகிறது, படிக்க வருவதில்லை என்னும் வீடுகள் நம்மிடையே பல. அங்கே பாட்டியின் பக்குவத்தை எழுத்தோடு அவர் குரலிலும் பதிந்து வைப்பது தகும். கேட்கும் பிள்ளை என்றேனும் எழுத்தையும் தேடி வரலாம். அதற்காகவே மைசூரிலும் பெங்களூரிலும் தமிழ் வகுப்புகளை நம்மவர் நடத்தி வருகிறார்கள்.

மிக இன்றியமையாத சிலவற்றைத் தாளிலும் எழுதி வைக்கலாம்: குடிவழி, நிலத்தின் எண், கோயிலின் பெயர், நோயாளியின் மருந்து. பத்துப் பக்கம் போதும். கனவுகளையும் கடன்களையும் பூட்டி வைக்க எவருக்கும் உரிமை உண்டு. அப்பூட்டின் திறவுச்சொல்லை வீட்டில் யாரிடம் சொல்லி வைப்பது என்பதை மட்டும் ஒவ்வொரு குடும்பமும் தானே பேசி முடிவு செய்துகொள்ள வேண்டும்.